உரிமமும் உரிமையும்: ஆஸ்திரேலியத் தங்கவயல்களின் சொல் வரலாறு

1. முன்னுரை

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பாலரட், பெண்டிகோ, டனோலி முதலிய ஊர்களைச் சூழ்ந்த காடுகளுக்கு, வெயில் தணிந்த மாதங்களில் வீட்டு வண்டிகள் பல வந்து சேர்கின்றன. காருக்குப் பின்னே பூட்டி இழுத்துவரப்படும் இவ்வண்டிகளில் வருவோருள் பணி ஓய்வு பெற்ற முதியோர் மிகுதி. நாடு முழுவதும் இவ்வாறு சுற்றிவரும் முதியோரை 'நரை நாடோடிகள்' என்னும் பொருள்பட அந்நாட்டார் வேடிக்கையாகக் குறிப்பிடுவர். மரநிழலில் வண்டியை நிறுத்திவிட்டு, உலோகம் காட்டும் கருவியையும் சிறு கொத்துக்கருவி ஒன்றையும் எடுத்துக்கொண்டு அவர்கள் பொன் தேடச் செல்கின்றனர். அவர்கள் சுரங்கத் தொழிலாளர் அல்லர், பொழுதுபோக்காகத் தேடுவோர். எனினும் ஒவ்வொருவரிடமும் அரசு வழங்கிய சீட்டு ஒன்று இருத்தல் வேண்டும். அச்சீட்டின் பெயர் 'மைனர்ஸ் ரைட்' என்பது.

அதனைத் தமிழில் எவ்வாறு வழங்குவது? அரசு கட்டணம் பெற்று வழங்கும் சீட்டு ஆதலின், 'சுரங்க உரிமம்' என்று எழுதிவிடத் தோன்றும். ஓட்டுநர் உரிமம், கடை உரிமம் என்று நாம் வழங்குவதைப் போன்றதே இதுவும் எனக் கருதுதல் இயல்பு. ஆனால் அவ்வாறு எழுதினால், 1854-ஆம் ஆண்டில் மனிதர் உயிர் கொடுத்து மாற்றிய ஒரு சொல்லை நாம் மீண்டும் பழைய இடத்திலேயே வைத்துவிடுகிறோம். உரிமம் என்பதற்கு எதிராக எழுந்த போராட்டத்தின் விளைவே அவ்வுரிமை. இக்கட்டுரை ஆஸ்திரேலியத் தங்கவயல்களின் வரலாற்றை அங்கு வழங்கிய சொற்களின் வழியே நோக்கி, இவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மொழிபெயர்ப்பாளர் ஏன் காத்தல் வேண்டும் என்பதைக் காட்ட முற்படுகிறது.

2. வண்டியும் சாத்தும்

வீட்டு வண்டியைக் குறிக்கும் 'கேரவன்' என்னும் ஆங்கிலச் சொல் பாரசீகத்தின் 'கார்வான்' என்பதிலிருந்து வந்தது. பாலை நிலத்தைக் கூட்டமாகக் கடந்து செல்லும் வணிகரையும் அவர்தம் ஒட்டகங்களையும் அது குறித்தது. வடமொழியில் இதற்கு நேரான சொல் 'சார்த்த' என்பது. தமிழில் அதுவே 'சாத்து' என வழங்கிற்று. சிலப்பதிகாரத்தில் கோவலனின் தந்தை மாசாத்துவான் என்னும் பெயரைத் தாங்கியிருப்பதை இங்கு நினைவுகூரலாம். அவ்வாறாயின், கேரவன் என்பதற்குத் தமிழில் சாத்து என்னும் சொல் முன்னரே இருந்தது எனலாம். ஆனால் அது மூலப் பொருளுக்கு மட்டுமே பொருந்தும்.

ஆங்கிலத்தில் இச்சொல் கூட்டத்திலிருந்து வண்டிக்கு இடம் பெயர்ந்தது. முதலில் மூடிய பெரிய வண்டியையும், பின்னர் நாடோடிகளும் கூத்தாடிகளும் வாழும் வண்டியையும் குறித்தது. 1885-இல் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் கடற்படை மருத்துவர், பிரிஸ்டல் நகரில் 'வாண்டரர்' என்னும் வண்டியைக் கட்டுவித்து, குதிரை பூட்டிப் பயணம் செய்தார். இன்பப் பயணத்துக்கெனவே கட்டப்பட்ட முதல் வீட்டு வண்டி இதுவெனக் கருதப்படுகிறது. பலராய்ச் சென்ற பயணத்தின் பெயர், தனித்துச் செல்லும் ஒருவரின் வண்டிக்கு ஆயிற்று. இச்சொல்லின் வாலே 'வேன்' என வெட்டுண்டு தனிச்சொல்லாகித் தமிழ்ப் பேச்சிலும் புகுந்தது. தலையும் வாலும் கூடிய முழுச்சொல்லோ, திரைப்பட நடிகர் ஒப்பனை செய்து ஓய்வெடுக்கும் வண்டிக்குப் பெயராய்த் தமிழில் நிலைத்துவிட்டது. ஆகவே, ஆஸ்திரேலியக் காட்டில் நிற்கும் வண்டியைத் தமிழில் 'கேரவன்' என்றால் படிப்போர் மனத்தில் வேறு காட்சி எழும். 'வீட்டு வண்டி' என்பதே இங்குப் பொருந்துவதாகும்.

சொல்லின் பழைய பொருளும் ஆஸ்திரேலியாவில் உயிர் பெற்றதுண்டு. 1860-இல் பர்க், வில்ஸ் ஆகியோரின் உள்நாட்டுத் தேட்டப் பயணத்துக்காகக் கராச்சியிலிருந்து 24 ஒட்டகங்கள் அவற்றை நடத்துவோருடன் மெல்போர்னில் வந்து இறங்கின. பின்னர் 1892-இல் கூல்கார்டியிலும் 1893-இல் கால்கூர்லியிலும் பொன் கண்டறியப்பட்டபோது, நீரற்ற அம்மேற்கு நிலத்துக்கு உணவையும் தண்ணீரையும் கருவிகளையும் சுமந்து சென்றவை ஒட்டகச் சாத்துகளே. கூல்கார்டியின் அகன்ற தெருக்கள் ஒட்டக வரிசை திரும்புவதற்கென அமைந்தவை என்பர். ஒட்டகங்களை நடத்தியோர் அனைவரையும் 'ஆப்கானியர்' என்றே வெள்ளையர் அழைத்தனர். உண்மையில் அவர்களுள் பலர் பலுசிஸ்தானம், சிந்து, பஞ்சாப் முதலிய பகுதிகளைச் சேர்ந்தவர். பிரிட்டிஷ் இந்தியாவின் குடிகள். இவ்வேறுபாடு சொல்லளவில் நின்றுவிடவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

3. பொன் கிடந்த நிலமும் தேடிய முறையும்

1851 பிப்ரவரியில் எட்வர்ட் ஹார்கிரேவ்ஸ் நியூ சவுத் வேல்ஸில், பாதர்ஸ்ட் நகருக்கு அண்மையில் பொன் இருப்பதைக் கண்டு அறிவித்தார். அவர் கலிபோர்னியத் தங்கவயல்களில் முயன்று பயனின்றித் திரும்பியவர். அவ்வாண்டு ஜூலை முதல் நாள் விக்டோரியா தனிக் குடியேற்றமாயிற்று. அடுத்த சில மாதங்களில் கிளூன்ஸ், பாலரட், மவுண்ட் அலெக்சாண்டர், பெண்டிகோ ஆகிய இடங்களில் பொன் வெளிப்பட்டது. 1851-இல் ஏறத்தாழ 77,000 ஆக இருந்த விக்டோரியாவின் மக்கள்தொகை, பத்தே ஆண்டுகளில் ஏறத்தாழ 5,40,000 ஆகப் பெருகிற்று. மெல்போர்னில் இறங்கியோர் மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு கால்நடையாகவும், பொருளை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டும் வயல்களுக்குச் சென்றனர். 1854-இல் ஃப்ரீமன் காப் முதலிய அமெரிக்கர் நால்வரின் குதிரை வண்டிகள் அவ்வழியில் ஓடத் தொடங்கின.

இந்நிலத்தில் பொன் இரு வகையாகக் கிடந்தது. பழமையான மடிப்புப் பாறைகளின் விரிசல்களில் வெண்கல் படிகத்தோடு கூடிய நரம்புகளாக இருந்தது ஒருவகை. அந்நரம்புகள் காலப்போக்கில் சிதைந்து, ஓடைகளின் மணலிலும் சரளையிலும் பொன் துகள்களாகவும் கட்டிகளாகவும் படிந்தது மற்றொரு வகை. முதலில் வந்தோர் தேடியது இரண்டாவதையே. அதற்குப் பெருமுதல் வேண்டியதில்லை. வெண்கல்லின் அடர்த்தி ஏறத்தாழ 2.65, பொன்னின் அடர்த்தி 19.3. ஆதலின் மண்ணைத் தட்டத்தில் இட்டு, நீர் விட்டுச் சுழற்றினால் மண் வழிந்தோடப் பொன் அடியில் தங்கும். முதலின்றியும் ஒரு மனிதன் தன் கைகளைக் கொண்டே பொருள் ஈட்ட முடிந்தது இதனால்தான்.

இம்முறைக்குத் தமிழில் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. அரிசியிலிருந்து கல்லைப் பிரிக்க நீர் விட்டு மெல்லச் சாய்த்து எடுப்பதை 'அரித்தல்' என்கிறோம். பொற்கொல்லர் தெருவின் புழுதியை வாரி நீரில் அலசிப் பொன்துகள் எடுப்போர் செய்வதும் அதுவே. ஆங்கிலத்தார் தட்டத்தின் பெயரையே வினையாக்கினர். தமிழ் செய்கைக்குப் பெயரிட்டது. எனவே பொன் அரித்தல், அரிதட்டு என்பன மூலத்தின் பொருளை முழுமையாகத் தருவன. மண்ணை ஆட்டிப் பிரிக்கும் பெட்டியை ஆங்கிலத்தார் குழந்தைத் தொட்டிலுக்கு ஒப்பிட்டனர். அதனைத் 'தொட்டில்' என்றே மொழிபெயர்ப்பதில் இடர்ப்பாடில்லை.

இடர்ப்பாடு தருவது 'பாசிக்' என்னும் வினை. பிறர் தோண்டிக் கைவிட்ட குழிகளிலும் மண்மேடுகளிலும் எஞ்சிய பொன்னைத் துழாவித் தேடுதல் என்பது அதன் தங்கவயல் பொருள். இது தென்மேற்கு இங்கிலாந்தின் கார்ன்வால் வட்டார வழக்கு என்பர். வெள்ளீயச் சுரங்கங்களில் பழகிய கார்ன்வால் மக்கள் பெருந்தொகையினராக இவ்வயல்களுக்கு வந்தமை இக்கருத்துக்கு அரண் செய்கிறது. இங்கிலாந்தின் பொது வழக்கில் இடம்பெறாத இச்சொல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இன்றும் வழங்குகிறது; கைப்பையில் சாவியைத் தேடுவதற்கும் அங்கு இதனையே கூறுவர். 'துழாவுதல்' என்பது இவ்விரு பொருளையும் தாங்கும்.

வேறு சில சொற்களும் நோக்கத்தக்கன. வெட்டி எறிந்த கழிமண்ணைக் குறிக்கும் 'மல்லக்' என்பது இடைக்கால ஆங்கிலத்தில் குப்பையைக் குறித்த சொல். தாயகத்தில் பொதுவழக்கு இழந்தபின் தங்கவயலில் பிழைத்திருந்தது. பயனற்ற குழியைக் குறித்த 'ஷைசர்' ஜெர்மானியர் வாயிலிருந்து வந்த வசைச்சொல். 'டிகர்' என்றால் தோண்டுவோன்; முதல் உலகப் போரில் இது ஆஸ்திரேலியப் போர்வீரனின் பெயராயிற்று. சீனர் கலிபோர்னியாவைப் பொன்மலை என்று அழைத்திருந்தனர். ஆஸ்திரேலிய வயல்கள் தோன்றியபின் மெல்போர்ன் 'புதிய பொன்மலை' ஆயிற்று, சான் பிரான்சிஸ்கோ 'பழைய பொன்மலை' ஆயிற்று. பின்னது இன்றும் அந்நகரின் சீனப் பெயராக இருக்கிறது. பல மொழியினர் ஓரிடத்தில் கூடித் தோண்டியதன் அடையாளங்கள் இவை.

4. உரிமம்

பொன் அனைத்தும் அரசிக்கு உரியது என்பது ஆங்கிலச் சட்டத்தின் நிலைப்பாடு. ஆகவே தோண்ட விரும்புவோர் இசைவு பெற்றாக வேண்டும். 1851 செப்டம்பர் முதல் விக்டோரியாவில் மாதந்தோறும் முப்பது ஷில்லிங் செலுத்தி உரிமம் பெறுமாறு விதிக்கப்பட்டது. கிடைத்த பொன்னுக்கு ஏற்ப விதிக்கப்பட்ட வரி அன்று இது. பொன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தோண்டுவோன் செலுத்த வேண்டும்; அச்சீட்டை எப்போதும் உடன் வைத்திருக்கவும் வேண்டும். பாலரட்டில் எரிமலைக் குழம்புப் பாறையின் கீழ்ப் புதைந்த பழைய ஆற்றுப் படுகைகளை எட்ட, மாதக்கணக்கில் குழி இறக்க வேண்டியிருந்தது. அத்தனை மாதங்களும் வருவாயின்றி உரிமக் கட்டணம் மட்டும் வளர்ந்தது. குழியினுள் சேற்றில் நிற்பவன் காவலர் அழைக்கும்போதெல்லாம் மேலேறி வந்து நனையாத சீட்டைக் காட்ட வேண்டியிருந்தது. காட்டாதவன் தண்டம் செலுத்த வேண்டும், இல்லையேல் சிறை.

இச்சோதனையை மக்கள் 'வேட்டை' என்றே குறித்தனர். காவலர் வரக் கண்டோர் "ஜோ! ஜோ!" என்று கூவி மற்றவரை எச்சரித்தனர். துணை ஆளுநராயிருந்த சார்லஸ் ஜோசப் லட்ரோபின் பெயரிலிருந்து பிறந்தது இக்கூவல். அவருக்குப் பின் வந்த ஹோதம் 1854-இல் வாரம் இருமுறை சோதனை நடத்துமாறு ஆணையிட்டார். உரிமம் என்னும் சொல் இவ்வாறு இழிவின் பெயராயிற்று. அதனைப் பெற்றவனுக்கு வாக்குரிமை இல்லை. நிலம் வாங்குவதும் அரிது. அவன் செலுத்திய பணத்துக்கு ஈடாகப் பெற்றது, தண்டிக்கப்படாமல் இருப்பதற்கான இசைவு மட்டுமே. ஆங்கிலத்தில் உரிமத்தைக் குறிக்கும் சொல் இலத்தீனின் 'இசைவளித்தல்' என்னும் வினையடியினின்று பிறந்தது. இசைவளிப்பவர் அதனைத் திரும்பப் பெறவும் கூடும் என்பது அச்சொல்லுள் அடங்கியுள்ளது.

1854 நவம்பர் இறுதியில் பாலரட்டில் கூடியோர் தம் உரிமச் சீட்டுகளைத் தீயிலிட்டனர். தென்சிலுவை விண்மீன்கள் பொறித்த கொடியின் கீழ், அயர்லாந்தைச் சேர்ந்த பீட்டர் லாலரின் தலைமையில் உறுதிமொழி ஏற்று, யுரேகா என்னும் இடத்தில் மரத்தடுப்பு அமைத்தனர். டிசம்பர் 3, ஞாயிறு விடியலில் படையினர் அதனைத் தாக்கினர். தோண்டுவோருள் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். படையினர் சிலரும் மாண்டனர். லாலர் ஒரு கையை இழந்தார். பதின்மூவர்மீது அரச துரோக வழக்குத் தொடரப்பட்டது. 1855-இல் அனைவரையும் நடுவர் குழுவினர் விடுவித்தனர்.

அப்பதின்மூவருள் ஒருவர் ராஃபெல்லோ கார்போனி என்னும் இத்தாலியர். பல மொழிகள் அறிந்தவர். மொழிபெயர்ப்புத் தொழில் செய்தவர். தடுப்பினுள் இருந்தோரில் ஆங்கிலம் அறியாதவர்க்கும் ஏனையோர்க்கும் இடையே பேசியவர். 1855-இல் அவர் மெல்போர்னில் வெளியிட்ட யுரேகா வரலாற்று நூல், நிகழ்ச்சியில் உடனிருந்தவர் ஒருவரின் விரிவான பதிவாகும். ஆங்கிலத்தின் நடுவே இலத்தீனும் இத்தாலியமும் கலந்து வரும் அதன் நடை, அந்நாளைய தங்கவயலின் மொழிநிலையை அறியவும் துணை செய்கிறது. இப்போராட்டத்தின் வரலாற்றை முதலில் நூலாக்கியோருள் ஒரு மொழிபெயர்ப்பாளரும் இருந்தார் என்பது நம் துறையினர் மனங்கொள்ளத்தக்கது.

5. உரிமை, அது யாருக்கு?

1855-இல் மாத உரிமம் ஒழிக்கப்பட்டு, ஆண்டுக்கு ஒரு பவுன் கட்டணத்தில் 'மைனர்ஸ் ரைட்' வந்தது. அரசின் வருவாய்க்காக, ஏற்றுமதியாகும் பொன்னின் அளவுக்கேற்பத் தீர்வை விதிக்கப்பட்டது. புதிய சீட்டைப் பெற்றவன் தன் பங்கு நிலத்தில் தோண்டலாம். அங்கே குடிசை கட்டி வாழலாம். சட்டமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் தகுதியும் பெற்றான். லாலர் அவ்வாண்டிலேயே சட்ட அவைக்குள் புகுந்தார். பெயர் மாற்றம் வெறும் சொல்லலங்காரம் அன்று. சீட்டின் சட்டநிலையே மாறியது.

ஆனால் அவ்வுரிமையின் எல்லையையும் கூறாவிட்டால் வரலாறு முழுமை பெறாது. அதே 1855-இல் கடல்வழி வந்திறங்கும் ஒவ்வொரு சீனரும் பத்துப் பவுன் தலைவரி செலுத்த வேண்டும் என்று விக்டோரியா சட்டம் இயற்றிற்று. அதனைத் தவிர்க்கச் சீனர் பலர் தென் ஆஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் இறங்கி, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நடந்து வயல்களை அடைந்தனர். அவ்வாறு நடந்துவந்த குழு ஒன்று 1857-இல் வழியில் கண்ட பொன்னே அராரட் என்னும் ஊர் தழைக்கக் காரணமாயிற்று. அவ்வாண்டில் சீனர் விக்டோரியாவில் தங்குவதற்கே தனி உரிமம் பெற வேண்டும் என்னும் சட்டம் வந்தது. வெள்ளையர்க்கு உரிமமாக இருந்தது உரிமையாக மாறிய இரண்டே ஆண்டுகளில், எரிக்கப்பட்ட அச்சொல் சீனர்க்காக மீண்டும் எழுதப்பட்டது.

மேற்கு ஆஸ்திரேலியாவிலும் இந்நிலையே. 1890களில் அங்கு ஆசியர்க்கும் ஆப்பிரிக்கர்க்கும் சுரங்க உரிமைச் சீட்டு சட்டத்தால் மறுக்கப்பட்டது. தங்கவயல்களுக்குத் தண்ணீர் கொண்டு சென்ற ஒட்டகச் சாத்தினர், பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்த அதே அரசியின் குடிகளாக இருந்தும், தாம் உணவளித்த வயலில் ஒரு கைப்பிடி மண்ணை அரிக்க இயலவில்லை. 'ஆப்கானியர்' என்னும் பொதுப்பெயர், அவர்கள் அயலார் என்னும் எண்ணத்துக்குத் துணைபோயிற்று எனலாம்.

இவ்விரு திறத்தாருக்கும் முன்னே அந்நிலத்தில் வாழ்ந்தவர் தொல்குடியினர். பெண்டிகோ, டனோலி, கிளூன்ஸ் முதலிய வயல்கள் ஜாஜா வுர்ரங் மக்களின் நாடு. ஆடு மேய்ப்போர் 1830களின் இறுதியிலும் 1840களிலும் வந்து நிலத்தைக் கைப்பற்றியபோதே அவர்கள் பெரிதும் குன்றிவிட்டனர். பொன் வேட்டை அடுத்த அடி. ஓடைகள் திசை மாறின. மேல்மண் கழுவிச் செல்லப்பட்டது. அடிமண் மேலே வந்தது. இன்று அம்மக்கள் தம் நிலத்தைத் 'தலைகீழாக்கப்பட்ட நாடு' என்று குறிப்பிடுகின்றனர். சுரங்க மண்மேட்டைக் குறிக்க ஆங்கிலத்தில் ஒரு சொல் பிழைத்திருந்ததெனக் கண்டோம். அம்மேட்டை மறுபக்கத்தினின்று பார்த்தோரின் சொல் இது. 2013-இல் விக்டோரிய அரசு அவர்களை அந்நிலத்தின் மரபுவழி உரிமையாளர் என ஏற்று உடன்படிக்கை செய்தது.

6. இந்தியாவோடு உள்ள தொடர்பு

விக்டோரியாவின் தங்கவயல் அறிவு தமிழகத்தின் மலைகளையும் எட்டியது. விக்டோரியாவில் சுரங்கத் துறைச் செயலராயிருந்த ராபர்ட் பிரோ ஸ்மித், 1869-இல் அம்மாநிலத் தங்கவயல்களைப் பற்றியும், 1878-இல் அதன் தொல்குடிகளைப் பற்றியும் பெருநூல்கள் வெளியிட்டவர். பின்னதில் தொல்குடி மொழிகளின் சொற்கள் தொகுத்து வைக்கப்பட்டுள்ளன. 1879-இல் இந்திய அரசு அவரை அழைத்து, தென்கிழக்கு வயநாட்டில் பொன் வளத்தை ஆராயச் செய்தது. இன்று நீலகிரி மாவட்டத்தில் உள்ள தேவாலா, பந்தலூர்ப் பகுதிகள் அவை. நம்பிக்கையூட்டும் அவரது அறிக்கை 1880-இல் வெளிவந்ததும் இலண்டனில் பல கம்பெனிகள் முதல் திரட்டின. இயந்திரங்கள் மலையேறின, பொன் எதிர்பார்த்த அளவில் வரவில்லை, சில ஆண்டுகளில் முயற்சி சரிந்தது. குறும்பர் முதலிய பழங்குடியினர் கம்பெனிகள் வருமுன்னரே அம்மலைகளில் பொன் எடுத்துவந்தனர். கம்பெனிகளின் பத்திரங்களில் அவர்களின் பழைய வழக்குக்கு எவ்வகை உரிமையும் குறிக்கப்படவில்லை.

கோலாரின் தொடக்கமும் இத்தகைய தனிமனித் தேட்டமே. நியூசிலாந்தில் போரில் பங்கேற்று, அங்குப் பொன் வேட்டையில் நாட்டம் கொண்டு திரும்பிய மைக்கேல் லவெல் என்னும் ஐரிஷ் வீரர் பெங்களூரில் வாழ்ந்தார். கோலார்ப் பகுதியில் பொன் உண்டெனக் கூறிய ஜான் வாரனின் பழைய குறிப்பைப் படித்து, 1871-இல் மாட்டு வண்டியில் ஏறத்தாழ அறுபது மைல் பயணம் செய்து அந்நிலத்தைத் தேடிப் பார்த்தார். 1873-இல் மைசூர் அரசை அணுகிப் பின்னர்க் குத்தகை பெற்றார். முதல் போதாமையால் விரைவில் அதனைப் பிறர்க்கு விற்றார். பெருமளவில் தமிழ்த் தொழிலாளர் உழைத்த அச்சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. ஆங்கிலத்தின் 'கோல்ட் ஃபீல்ட்' என்பதைத் 'தங்கவயல்' என்று தமிழாக்கி நிலைபெறச் செய்தது கோலாரே. வயலின் பெயர் நமக்கு வந்தது. வயலில் தோண்டுவோனுக்கு அங்கே வாய்த்த உரிமையின் பெயர் வரவில்லை. குத்தகை கம்பெனிக்கு உரியதாக, தொழிலாளி கூலி பெறுபவனாகவே இருந்தான். மைனர்ஸ் ரைட் என்பதற்கு நம் வழக்கில் ஆயத்தமான சொல் இல்லாமைக்கு இது ஒரு காரணமெனக் கருதலாம்.

7. வண்டிகளின் மீள்வருகை

1869 பிப்ரவரி 5-இல் மொலியாகுல் என்னும் இடத்தில் கார்ன்வாலைச் சேர்ந்த ஜான் டீசன், ரிச்சர்ட் ஓட்ஸ் ஆகிய இருவர், ஒரு மரத்தின் வேரருகே, தரைக்குச் சில சென்டிமீட்டர் கீழே பெரும் பொற்கட்டியைக் கண்டனர். 'வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்' எனப் பெயர்பெற்ற அது ஏறத்தாழ 2,520 அவுன்சு. டனோலியில் அதனை நிறுக்கத்தக்க தராசு இன்மையால் துண்டுகளாக உடைத்து நிறுத்தனர். அதன்பின் பொன் வேட்டை படிப்படியே ஆழ்சுரங்கக் கம்பெனிகளின் கைக்குப் போயிற்று.

தனிமனிதர் மீண்டும் வரக் காரணமானவை இரண்டு. 1971-இல் டாலருக்கும் பொன்னுக்கும் இருந்த பிணைப்பு அறுந்தபின் பொன்னின் விலை ஏறத் தொடங்கி, 1980 ஜனவரியில் உச்சம் தொட்டது. அதே காலத்தில், போரில் கண்ணிவெடி தேடப் பயன்பட்ட மின்கருவி பொழுதுபோக்குக் கருவியாக மலிந்தது. கம்பிச்சுருளிலிருந்து எழும் காந்தப்புலம் மண்ணிலுள்ள உலோகத்தில் சிறு மின்னோட்டத்தை எழுப்ப, அதனைக் கருவி ஒலியாக்கிக் காட்டும். விக்டோரியாவின் மண்ணில் இரும்புச்சத்து மிகுதியாதலின், வெறும் கல்லும் பொன்போல ஒலித்து ஏமாற்றும். அடிலெய்டு நகர நிறுவனம் ஒன்று 1995-இல் துடிப்பு முறைக் கருவியை வெளியிட்டு இவ்விடரைப் பெரிதும் குறைத்தது. அதற்கு முன்பே, 1980-இல் கிங்கோவர் என்னும் சிற்றூரில் பொழுதுபோக்காகத் தேடிய ஒருவர் 27 கிலோவுக்கு மேற்பட்ட பொற்கட்டியைக் கண்டெடுத்தார். 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்' என்பது அதன் பெயர். உலோகங்காண் கருவியால் கிடைத்த கட்டிகளுள் இதுவே மிகப் பெரியது என்பர். அச்செய்தி வீட்டு வண்டிகளைச் சாலைக்கு அழைத்தது.

இன்று விக்டோரியாவில் அச்சீட்டு பத்தாண்டு செல்லும். கைக்கருவிகளையே பயன்படுத்தலாம், தோண்டிய குழியை மூட வேண்டும், தொல்குடியினரின் மரபிடங்களைக் கலைக்கலாகாது. கண்ட பொன் கண்டவருக்கே உரியது.

8. மொழிபெயர்ப்பாளர் செய்யத்தக்கது

விக்டோரியாவும் மேற்கு ஆஸ்திரேலியாவும் இச்சீட்டை 'ரைட்' என்கின்றன. குவீன்ஸ்லாந்தில் துழாவித் தேடுவோர் பெறுவது 'லைசன்ஸ்'. மாநில எல்லையைக் கடக்கும் வீட்டு வண்டிக்காரர், தம் பையில் ஓரிடத்தில் உரிமையையும் மற்றோரிடத்தில் உரிமத்தையும் வைத்திருக்கிறார். இரண்டையும் தமிழில் 'உரிமம்' என்றால், மூலத்தில் உள்ள வேறுபாடு மறையும். 1854-இன் நிகழ்ச்சியோ விளங்காமலே போகும். உரிமத்தை எரித்தவர் மீண்டும் உரிமத்தைப் பெற்று மகிழ்ந்தனர் என்று படிப்பவர் என்ன கருதுவார்?

தமிழில் இவ்விடர் சற்று மிகுதி. ஆங்கிலத்தில் இவ்விரு சொற்களும் வேறு வேறு அடியின. தமிழில் இரண்டும் 'உரி' என்னும் ஓரடியில் பிறந்தவை. உரிமை பழஞ்சொல், ஒருவர்க்கு இயல்பாக உரியதாயிருக்கும் தன்மை என்பது அதன் பொருள். உரிமம் ஆட்சித்துறைக்கென அண்மைக் காலத்தில் ஆக்கப்பட்டது. அரசு இசைவளித்துத் தரும் ஒன்றுக்கு, இயல்பாக உரியது என்னும் பொருள் தரும் அடியைக் கொடுத்தது அவ்வாக்கத்தின் குறை எனலாம். எனினும் அது வழக்கில் ஊன்றிவிட்டது. அதனை மாற்றுவது இனி இயலாது. மூலத்தில் இவ்விரு சொற்களும் எதிர்நிற்கும் இடங்களில், முன்னதை 'இசைவுச் சீட்டு' என்றோ 'அனுமதிச் சீட்டு' என்றோ வழங்கி, பின்னதைச் 'சுரங்கர் உரிமை' என்று வழங்குதல் நன்று. ஒலிபெயர்த்து 'மைனர்ஸ் ரைட்' என எழுதுவதும் பொருந்தாது. தமிழில் 'மைனர்' என்றால் வயதுவராதவரும் செல்வச் சீமானுமே நினைவுக்கு வருவர், சுரங்கம் தோண்டுவோர் வாரார்.

9. முடிவுரை

தங்கவயலின் சொற்களுள் சில, அரித்தல், தொட்டில் போன்றவை, தமிழில் எளிதாகப் பொருந்துகின்றன. சில, கேரவன் போன்றவை, நம்மிடம் வேறு வழியாக வந்து வேறு பொருளில் தங்கிவிட்டன. உரிமம், உரிமை ஆகியவை இவ்விரண்டு வகையிலும் அடங்கா. அகராதியில் நேர்ச்சொற்கள் இருந்தும், வரலாறு அறியாதவர் கையில் ஒன்றுக்கொன்று இடம் மாறிவிடக்கூடியவை. ஒரு பவுன் கட்டணச் சீட்டுக்கு 'உரிமை' என்று பெயர் வைத்தது யாருடைய வெற்றி என்பதையும், அப்பெயர் சீனர்க்கும் ஒட்டகச் சாத்தினர்க்கும் மறுக்கப்பட்டதையும், அந்நிலத்துக்கு உரியோர் 2013 வரை காத்திருந்ததையும் அறிந்த மொழிபெயர்ப்பாளரே அச்சொல்லைச் சரியாக எழுதுவார். வீட்டு வண்டியில் வரும் முதியவர் தம் பையில் மடித்து வைத்திருக்கும் சீட்டின் பெயர் அத்தனை பேரின் வரலாற்றையும் தாங்கி நிற்கிறது. தமிழில் அதனை எழுதும்போது '-மை' என்னும் ஈற்றை '-மம்' என்று மாற்றிவிடாதிருத்தல் நம் பொறுப்பாகும்.